விளக்கு எரிகிறது, கணினி அறியவில்லை: யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும் பிழை எண் 43-உம் – நிகழ்வு ஆய்வு

பழுதுக்கு வந்த பொருள்: இரண்டு மைக் உள்ளீடு கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி. தனி அடாப்டர் கிடையாது. யுஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பின்பக்கம் பிரிண்டரில் இருப்பதுபோன்ற சதுர டைப் பி சாக்கெட். இணைக்கப்பட்டிருந்தது விண்டோஸ் 11 லேப்டாப்பில். நடுவில் மின்சார இணைப்பு இல்லாத நான்கு போர்ட் ஹப் ஒன்று. அதே ஹப்பில் மவுஸ், கீபோர்டுக்கான ரிசீவர், ஒரு பென் டிரைவ். ஹப்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு, கடைகளில் "பிரிண்டர் கேபிள்" என்று கேட்டால் தரும் மூன்று மீட்டர் கேபிள். பேச்சுப் பதிவுக்காக இரண்டு கண்டென்சர் மைக்.

புகார் இரண்டு கட்டமாக வளர்ந்திருந்தது. முதலில், கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பேண்டம் பவர் பொத்தானை அழுத்தியதும் இன்டர்ஃபேஸ் கணினியிலிருந்து காணாமல் போகும். கழற்றிச் செருகினால் திரும்ப வரும். சில வாரங்கள் கழித்து, செருகினாலே வரவில்லை. யுஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற அறிவிப்பு மட்டும் திரையின் மூலையில் எழும். முகப்பில் பச்சை விளக்கு எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது.

எங்களிடம் வருவதற்குள் டிரைவரை, அதாவது சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, பலமுறை நீக்கி நிறுவியிருந்தார்கள். விண்டோஸைப் புதுப்பித்திருந்தார்கள். கடைசியில் லேப்டாப்பையே ரீசெட் செய்து எல்லா மென்பொருளையும் மறுபடி ஏற்றியிருந்தார்கள். பழுது கிடைத்த இடமோ சாக்கெட்டின் ஒரு டேட்டா காலில் சால்டர் விட்டுப்போன விரிசல். அதை இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தது மெல்லிய கேபிள் என்ற இன்னொரு பழுது. இந்த இரண்டுக்கும் டிரைவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் ஒரு வரியைப் படித்திருந்தாலே தெரிந்துகொண்டிருக்கலாம். அந்த வரியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

அந்த ஒரு வரி

டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் பகுதியின் கீழே "அன்நோன் யுஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வஸ்ட் ஃபெயில்டு" என்ற பெயரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பதிவு இருந்தது. அதை இரட்டைக் கிளிக் செய்தால் பிழை எண் 43. பெரும்பாலோர் இங்கேயே நின்று, இணையத்தில் 43-ஐத் தேடி, டிரைவர் அறிவுரைகளில் போய் விழுகிறார்கள். இன்னும் ஒரு படி போக வேண்டும். டீட்டெய்ல்ஸ் தாவலில் ஹார்ட்வேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் தெரியும். இங்கே தெரிந்தது: தயாரிப்பாளர் எண் 0000, பொருள் எண் 0002.

0000 எந்த நிறுவனத்தின் எண்ணும் அல்ல. சாதனம் தன் எண்ணைச் சொல்லவே இல்லை என்பதால் விண்டோஸ் தானாக இட்டுக்கொண்ட எண் அது. டிரைவர் தேடும் வேலை அந்த எண்ணை வைத்துத்தான் தொடங்கும். எண்ணே வராதபோது எந்த டிரைவரை ஏற்றியும் பயனில்லை. வந்திருப்பது இன்டர்ஃபேஸா மவுஸா என்பதே கணினிக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: பிழை 43 வந்தும் ஹார்ட்வேர் ஐடியில் உண்மையான எண் இருந்தால் அது வேறு நிலைமை. அங்கே சாதனத்தை அறிந்து டிரைவரும் ஏறியபின் ஏதோ தவறியிருக்கிறது. டிரைவர் அறிவுரைகளுக்கு அங்கே இடமுண்டு. பிழை 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை, பிழை 10 என்றால் சாதனம் தொடங்க முடியவில்லை. இரண்டிலும் சாதனம் தன் எண்ணைச் சொல்லி அறிமுகம் முடிந்துவிட்டது.

செருகிய கணத்தில் நடப்பது

யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள். சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ். கணினி முனையின் பிளக்கில் உள்ள நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் சற்று நீளமானவை. அதனால் செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், டேட்டா அதற்குப் பிறகு.

கணினிப் பக்கத்தில் டேட்டா கம்பிகள் இரண்டும் 15 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கும். யாரும் இல்லாதபோது இரண்டும் பூஜ்ஜியத்தில் கிடக்கும். மின்சாரம் பெற்று விழித்த இன்டர்ஃபேஸ், டி பிளஸ் கம்பியை 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும். அந்த ஒரு கம்பி உயர்வதைப் பார்த்துத்தான் போர்ட்டில் ஏதோ வந்திருக்கிறது என்று கணினி அறிகிறது. டி மைனஸ் உயர்ந்தால் வந்திருப்பது பழைய மெதுவேகச் சாதனம்.

பிறகு கணினி போர்ட்டை ரீசெட் செய்யும். அந்த இடைவெளியில், 480 மெகாபிட் வேகத்தில் பேசத் தெரிந்த சாதனம் ஒரு சிறப்புக் குறிகையை அனுப்பும். கணினி பதில் குறிகை தந்தால் இருவரும் அந்த வேகத்துக்கு ஏறுவார்கள். பதில் பரிமாற்றம் நடக்காவிட்டால் 12 மெகாபிட்டில் நின்றுகொள்வார்கள். அடுத்து கணினி கேட்பது 18 பைட் கொண்ட டிவைஸ் டிஸ்கிரிப்டர். தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் அதற்குள்தான். அதன்பின் முகவரி ஒதுக்கீடு, எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற அறிவிப்பு, எந்த வகைச் சாதனம் என்ற விவரம். டிரைவர் வருவது இதற்கெல்லாம் பிறகு.

இந்த வரிசையை மனதில் வைத்தால், டேட்டா கம்பி எது அறுந்தது என்பதைக் கணினியின் நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம். டி பிளஸ் அறுந்தால் கணினிக்கு ஒன்றும் தெரியாது: அறிவிப்பு இல்லை, டிவைஸ் மேனேஜரில் பதிவும் இல்லை, விளக்கு மட்டும் எரியும். சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும் கேபிளை மாட்டினாலும் இதே அமைதிதான், ஏனென்றால் அதற்குள் டேட்டா கம்பிகளே கிடையாது. டி மைனஸ் மட்டும் அறுந்தால் நிலைமை வேறு. டி பிளஸ் உயர்வதால் கணினி வருகையை அறியும். இரு கம்பியும் சேர்ந்து நடத்த வேண்டிய உயர்வேகக் குறிகை போய்ச் சேராது. 12 மெகாபிட்டில் 18 பைட்டைக் கேட்கும். பதில் சிதைந்து வரும் அல்லது வராது. முடிவு, டிஸ்கிரிப்டர் ரிக்வஸ்ட் ஃபெயில்டு.

எனவே இந்த அறிவிப்பு வருவதே பாதி நற்செய்தி. மின்சாரமும் டி பிளஸும் ஏதோ அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன. மிச்சம் சந்தேகிக்க வேண்டியவை டி மைனஸ், வோல்டேஜ் சரிவு, இன்டர்ஃபேஸின் உள்ளே இருக்கும் சிப்.

லினக்ஸ் சாட்சி

விண்டோஸ் தன் அறிவிப்புகளில் விவரத்தைச் சுருக்கிவிடும். பென் டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டி, டெர்மினலில், லினக்ஸ் எழுதும் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையைப் பின்தொடரும் நிலையில் திறந்துவைத்து, இன்டர்ஃபேஸைச் செருகுவது பயனுள்ள சோதனை. நிறுவ வேண்டாம், முயன்று பார்க்கும் நிலையிலேயே ஓட்டலாம். இந்தச் சோதனை விண்டோஸையும் அதன் டிரைவர்கள் அத்தனையையும் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகிறது.

இங்கே வந்த வரிகளின் சாரம்: "நியூ ஃபுல்-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்", பிறகு "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் மைனஸ் 71" திரும்பத் திரும்ப, கடைசியில் "அனேபிள் டு எனுமரேட்". முதல் வரியே வழக்கை நடத்திவிட்டது. இந்த இன்டர்ஃபேஸ் 480 மெகாபிட் வகையைச் சேர்ந்தது. நலமாக இருந்தால் "ஹை-ஸ்பீட்" என்று வந்திருக்க வேண்டும். ஃபுல்-ஸ்பீட் என்றால் 12 மெகாபிட். ஆக, உயர்வேகக் குறிகைப் பரிமாற்றம் தோற்றிருக்கிறது. மைனஸ் 71 என்பது பேச்சு சிதைந்த பிழை. மைனஸ் 110 என்பது காத்திருந்தும் பதில் வராத பிழை. 71 பெரும்பாலும் கம்பி, சாக்கெட், கேபிள் பக்கம் கைகாட்டும். 110 மட்டும் வந்தால் சாதனத்தின் சிப் உறைந்துபோயிருக்கலாம் என்ற சந்தேகம் கூடும்.

லினக்ஸிலும் இப்படித் தோற்றதால் விண்டோஸ் விடுதலை. லேப்டாப் போர்ட் குற்றவாளியா என்பதை ஒரு பென் டிரைவை அதே போர்ட்டில் செருகிப் பார்த்து முடித்தோம். ஹை-ஸ்பீடில் உடனே வந்தது. இன்டர்ஃபேஸை வேறொரு கணினியில் செருகியபோதும் அதே மைனஸ் 71. இந்த இரண்டு சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்து தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

திறக்காமலே பிடிக்கும் வழி

கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இங்கே மாற்றியிருந்தார்கள். மாற்றியதும் ஒரு நாள் வேலை செய்தது, பிறகு நின்றது. பழைய கேபிளையே திரும்ப மாட்டியபோதும் சற்று நேரம் வேலை செய்தது. இதைக் கேட்டதும் கேபிளை விட்டுவிட்டு சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை கேபிள் மாற்றும்போதும் சாக்கெட் லேசாக அசைகிறது, விரிசல் விட்ட காலும் அதன் தளமும் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன, கேபிள் மாற்றம்தான் குணப்படுத்தியது என்று தோன்றுகிறது.

சோதிக்க, நல்லது என்று தெரிந்த ஒரு கேபிளை இன்டர்ஃபேஸில் மாட்டி, கணினி முனையைக் காற்றில் விடவும். அந்த முனையின் நான்கு தகடுகளும் மல்டிமீட்டர் முள்ளுக்கு எட்டும். ஓரத்து இரண்டும் மின்சாரம், நடு இரண்டும் டேட்டா. எது கிரவுண்ட் என்று அறிய, மைக் சாக்கெட்டின் முதல் பின்னோடு எந்த ஓரத் தகடு பூஜ்ஜிய ஓம் காட்டுகிறது என்று பாருங்கள். கிரவுண்டுக்கு அடுத்தது டி பிளஸ், 5 வோல்ட்டுக்கு அடுத்தது டி மைனஸ்.

மீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முள்ளைக் கிரவுண்டிலும் கறுப்பு முள்ளை டி பிளஸிலும் வைத்தால், சிப்பின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக ஒரு மதிப்பு வரும். சாதாரணமாக 0.5 முதல் 0.7 வோல்ட்டுக்குள். அதே மதிப்பு, கிட்டத்தட்ட மாறாமல், டி மைனஸிலும் வர வேண்டும். இங்கே டி பிளஸ் 0.58. டி மைனஸில் மீட்டர் திறந்த சுற்று என்று காட்டியது. சாக்கெட் பக்கத்து பிளக்கை விரலால் மேல்நோக்கி உயர்த்தியதும் 0.58 வந்தது, விட்டதும் போனது. பெட்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பழுது அகப்பட்டுவிட்டது.

இரண்டு கம்பியிலும் ஒரே மதிப்பு வந்து, அசைத்தாலும் மாறாமல், வோல்டேஜும் சரியாக இருந்து, இன்னும் 0000 வருகிறதென்றால் வேறு திசையில் போக வேண்டும். ஒரு கம்பியில் பூஜ்ஜியத்துக்கு அருகே வந்தால் பாதுகாப்பு டையோடு அல்லது சிப் ஷார்ட் ஆகியிருக்கிறது. இரண்டும் சரியென்றால் சிப்பின் கடிகாரக் கிரிஸ்டல், அல்லது பாதியில் நின்ற ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. சில மாடல்களில் முகப்பில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் ஃபர்ம்வேர் மீட்பு நிலைக்குப் போகும். எந்தப் பொத்தான் என்பது அந்த மாடலின் கையேட்டில் இருக்கும்.

மறைந்திருந்த மின்சாரப் பழுது

விரிசலைப் பற்றவைத்து அனுப்பியிருந்தால் முதல் கட்டப் புகார் அப்படியே திரும்பி வந்திருக்கும். பேண்டம் பொத்தானை அழுத்தினால் காணாமல் போவது டேட்டா கம்பியின் குணம் அல்ல.

பேண்டம் பவர் 48 வோல்ட்டை இன்டர்ஃபேஸ் தன் 5 வோல்ட்டிலிருந்தே உயர்த்தி எடுக்கிறது. தரநிலைப்படி ஒரு மைக் அதிகபட்சம் 10 மில்லிஆம்ப் எடுக்கலாம். 48 வோல்ட்டில் அது 0.48 வாட். இரண்டு மைக்குக்கு 0.96. உயர்த்தும் சுற்றின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் 1.2 வாட், அதாவது 5 வோல்ட் பக்கத்தில் 240 மில்லிஆம்ப். இவ்வளவு பசியுள்ள மைக் குறைவு. 3 முதல் 4 மில்லிஆம்ப் எடுப்பவையே அதிகம். இங்கே யுஎஸ்பி மீட்டரில் பார்த்தபோது பேண்டம் இல்லாமல் 350, இரண்டு மைக்குக்கும் பேண்டம் கொடுத்தபின் 440 மில்லிஆம்ப். போர்ட்டின் 500 வரம்புக்குள்தான். பிறகு ஏன் விழுந்தது?

பதில் கேபிளின் உறையில் இருந்தது. உறையில் கம்பித் தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். இந்தக் கேபிளில் மின்சாரக் கம்பியும் 28 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது). 28 கேஜ் செம்புக் கம்பி மீட்டருக்கு 0.213 ஓம். மூன்று மீட்டர் போய், கிரவுண்டில் மூன்று மீட்டர் திரும்பி, ஆறு மீட்டருக்கு 1.28 ஓம். 350 மில்லிஆம்பில் 0.45 வோல்ட் கேபிளிலேயே போய்விடும், 440-இல் 0.56 வோல்ட்.

ஹப்பின் போர்ட்டில் அளந்தது 4.86 வோல்ட். இன்டர்ஃபேஸ் முனையில் 4.41. பேண்டம் போட்டபின் 4.28. இது மல்டிமீட்டர் காட்டும் நிதானமான எண். பொத்தானை அழுத்தும் கணத்தில் 48 வோல்ட் கெப்பாசிட்டர்கள் காலியாக இருந்து நிரம்புவதால் சில மில்லிவினாடிகளுக்கு மின்னோட்டம் இதைவிட மேலே பாயும். அந்தக் குழியை மல்டிமீட்டர் பார்க்காது. மீட்டரில் குறைந்தபட்ச மதிப்பைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் கொஞ்சம் தெரியும், ஆஸிலாஸ்கோப் இருந்தால் தெளிவாகத் தெரியும். சிப் அந்தக் குழியில் விழுந்து ரீசெட் ஆகிறது, கணினி இணைப்பு அறுந்ததாக எடுத்துக்கொள்கிறது.

ஹப்பின் பங்கையும் சொல்ல வேண்டும். யுஎஸ்பி 2.0 விதிப்படி கணினியின் போர்ட் 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. தனி மின்சாரம் இல்லாத ஹப்பின் போர்ட் 4.40 வரை இறங்கலாம்; ஆனால் அந்தப் போர்ட்டிலிருந்து 100 மில்லிஆம்புக்கு மேல் தர அனுமதி இல்லை. 500 மில்லிஆம்ப் கேட்கும் இன்டர்ஃபேஸை அப்படிப்பட்ட ஹப்பில் கணினியே மறுத்திருக்க வேண்டும். மலிவான ஹப்கள் பல, தமக்குத் தனி மின்சாரம் இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்கின்றன. அந்தப் பொய்தான் இந்த இணைப்பை இத்தனை நாள் ஓட வைத்தது, பிழையையும் தெளிவற்றதாக ஆக்கியது. நேர்மையான ஹப்பாக இருந்திருந்தால் போதிய மின்சாரம் இல்லை என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

பற்றவைப்பு

இன்டர்ஃபேஸின் திருகுகள் பெரும்பாலும் அடிப்பக்க ரப்பர் கால்களுக்குக் கீழே இருக்கும். எல்லாக் கேபிளையும் கழற்றி, ஓரிரு நிமிடம் விட்டு, 48 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இறங்கியதை மீட்டரில் உறுதிசெய்தபின் போர்டில் கைவைக்கவும்.

பூதக்கண்ணாடியில் டி மைனஸ் காலைச் சுற்றி மெல்லிய கறுத்த வளையம் தெரிந்தது. விரிசல் விட்ட சால்டர் அப்படித்தான் இருக்கும். அதைவிட முக்கியம், சாக்கெட்டின் உலோக உடலைப் போர்டோடு பிடித்திருக்க வேண்டிய இரண்டு தடித்த கால்களில் ஒன்று முழுதாக விட்டிருந்தது. இழுவையைத் தாங்க வேண்டியது அந்தத் தடித்த கால்; அது விட்டபின் சுமை மெல்லிய சிக்னல் கால்களுக்கு மாறியது. டி மைனஸ் விளைவு. தடித்த கால் தொடக்கம். சிக்னல் காலை மட்டும் தொட்டுவைத்தால் சில மாதத்தில் மறுபடி விடும்.

பழைய சால்டரின் மேலேயே புதியதை உருக்கி மூடுவது பலர் செய்யும் வேலை. விரிசலின் இரு முகத்திலும் ஆக்சைடு படிந்திருக்கும். அது உள்ளே சிக்கினால் பற்று நிற்காது. ஃபிளக்ஸ் தடவி, டீசால்டரிங் விக் வைத்து பழையதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். நான்கு சிறிய கால்களுக்கு 63/37 ஈயச் சால்டர், முனை வெப்பம் 340 டிகிரி செல்சியஸ் அளவில், ஒரு காலுக்கு இரண்டு மூன்று வினாடி. தடித்த கால்கள் போர்டின் கிரவுண்டுப் பரப்போடு இணைந்திருப்பதால் வெப்பத்தை உறிஞ்சும். அகலமான முனையோடு 380 வரை ஏற்றினோம். சால்டர் போர்டின் மறுபக்கம்வரை ஓடியிருக்க வேண்டும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஃபிளக்ஸைத் துடைப்பது.

செம்புத் தளமே பிய்ந்து வந்திருந்தால், அடுத்து உள்ள சிறிய ரெசிஸ்டர் அல்லது வடிகட்டிச் சுருள்வரை 30 கேஜ் கம்பி ஒன்றை இழுக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்குள் முடிப்பது நல்லது. டேட்டா கம்பிகள் இரண்டும் சேர்ந்து 90 ஓம் இணையாக வடிவமைக்கப்பட்டவை. ஒன்றில் மட்டும் நீளமான வளையம் விட்டால் 480 மெகாபிட்டில் குளறுபடி தொடங்கும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பார்ப்பது கட்டாயம். டையோடு சோதனையை மறுபடி செய்ததில் இரு டேட்டா கம்பியும் 0.58, பிளக்கை எந்தப் பக்கம் அசைத்தாலும் மாற்றமில்லை.

ஹப்பை எடுத்துவிட்டு இன்டர்ஃபேஸ் லேப்டாப்பின் போர்ட்டுக்கே நேராகப் போனது. கேபிள், ஒரு மீட்டர் நீளம், மின்சாரக் கம்பி 24 கேஜ். உறையில் 28 கேஜ் ஒரு ஜோடி, 24 கேஜ் இரண்டு என்று அச்சிட்டிருந்தால் டேட்டாவுக்கு மெல்லியது, மின்சாரத்துக்குத் தடித்தது என்று பொருள். அதைத்தான் தேடி வாங்க வேண்டும். 24 கேஜ் மீட்டருக்கு 0.084 ஓம், போக வர 0.17 ஓம்தான். பேண்டம் போட்டபின் இன்டர்ஃபேஸ் முனையில் 4.93 வோல்ட்.

டிரைவரின் முறை

லினக்ஸில் இப்போது "ஹை-ஸ்பீட்" என்று வந்தது. விண்டோஸில் உண்மையான எண்களோடு, பிழையில்லாமல் வந்தது. ஆனால் பதிவு மென்பொருளில் ஏசியோ (குறைந்த தாமதத்தில் ஒலியைக் கையாளும் டிரைவர் வகை) பட்டியலில் இன்டர்ஃபேஸ் இல்லை. டிரைவரைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இதுதான்.

யுஎஸ்பி ஆடியோவுக்கான முதல் பொது வகைத் தரநிலை 1998-இல் வந்தது, இரண்டாவது 2006-இல். இரண்டாவது வகைக்கு விண்டோஸ் தன் சொந்த டிரைவரைக் கொடுத்தது 2017-இல், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில்தான். அதற்கு முன் இந்த இரண்டாவது வகை இன்டர்ஃபேஸ்களுக்கு விண்டோஸில் தயாரிப்பாளரின் டிரைவர் கட்டாயமாக இருந்தது. லினக்ஸில், மேக்கில் அப்படியில்லை. இப்போது தயாரிப்பாளர் டிரைவர் சரியாக ஏறாவிட்டால் விண்டோஸ் தன் பொது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். யூடியூபில் ஒலி கேட்கும், ஏசியோ மட்டும் இருக்காது.

ரீசெட்டுக்குப் பின்னும் வெவ்வேறு பதிப்பு டிரைவர்களை ஏற்றி இறக்கியதால் அவற்றின் பொதிகள் விண்டோஸின் டிரைவர் கிடங்கில் தங்கியிருந்தன. நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் பிஎன்பியுட்டில் கட்டளையால் பட்டியலிட்டு, அந்தத் தயாரிப்பாளரின் பெயருள்ளவற்றை மட்டும் அழித்தோம். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கிய நிறத்தில் இருந்த பழைய பதிவுகளையும் நீக்கினோம். லேப்டாப்பை ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை முழுதாக இறக்குவதில்லை. பிறகு இன்டர்ஃபேஸைச் செருகாமல் புதிய டிரைவரை நிறுவி, அது கேட்கும்போது மட்டும் செருகியதில் ஏசியோ வந்தது.

பழைய டிரைவர் ஏறவே மறுத்தால், விண்டோஸ் பாதுகாப்பில் கோர் ஐசோலேஷனுக்குக் கீழ் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி தடுத்திருக்கலாம். அதை அணைக்கும் அறிவுரை பரவலாக இருக்கிறது. அதற்கு முன் புதிய பதிப்பு டிரைவர் உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால் விண்டோஸின் பொது டிரைவரே போதும் என்ற முடிவும் மோசமானதல்ல.

டிவைஸ் மேனேஜர் சுத்தமாக இருந்து பதிவில் மட்டும் பூரண அமைதி இருந்தால், செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். டெஸ்க்டாப் செயலிகளுக்கான அனுமதி தனிப் பொத்தான்.

பழியேற்றப்படும் அப்பாவிகள்

யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைக்கச் சொல்லும் அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும். அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சாதனம் சும்மா இருந்தபின் தூங்கிப்போகும் பழுதுக்கு. செருகிய உடனே 0000 வருவதற்கு அதில் மருந்து இல்லை.

நீலநிற யுஎஸ்பி 3 போர்ட்டில் போடாதே என்பதும் அப்படித்தான். அந்தப் போர்ட்டிலும் யுஎஸ்பி 2.0-க்கான டேட்டா ஜோடி தனியாகவே இருக்கிறது. போர்ட் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் காரணமாக அதை நம்ப வேண்டாம். பட்டைஅகலம் போதாது என்ற ஊகத்துக்குக் கணக்கே பதில்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சேனல் ஒலி ஒரு திசைக்கு 2.3 மெகாபிட்.

மதர்போர்டு உண்மையாகவே குற்றவாளியான நிகழ்வும் உண்டு. ஏஎம்டியின் 500 வரிசை சிப்செட் போர்டுகளில் யுஎஸ்பி இணைப்பு விட்டுவிட்டு அறுவதை அந்நிறுவனமே 2021 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு, ஏஜீசா என்ற தன் தொடக்க நிரலின் 1.2.0.2 பதிப்பு அடங்கிய பயாஸ் புதுப்பிப்பால் சரிசெய்தது. அந்தக் காலத்துப் போர்டு, பழைய பயாஸ், இடையிடையே அறுபடும் ஒலி என்று மூன்றும் சேர்ந்தால் பயாஸைப் புதுப்பிப்பதே முதல் வேலை.

ஒப்படைக்கும் முன்

இரண்டு மைக்குக்கும் பேண்டம் கொடுத்து, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து பதிவு ஓடியது. நடுவில் பேண்டம் பொத்தானைப் பலமுறை அணைத்துப் போட்டும், பின்பக்க பிளக்கை நான்கு திசையிலும் மெல்ல அழுத்தியும் பார்த்தோம். லினக்ஸிலும் அதே சோதனையை நடத்திக் கெர்னல் பதிவைப் படித்ததில் ரீசெட் என்ற சொல் ஒருமுறைகூட இல்லை.

தடித்த கால் விட்டதற்குக் காரணம் மேசை விளிம்பிலிருந்து தொங்கிய மூன்று மீட்டர் கேபிளின் எடையும், அதில் இடறும் கால்களும். டைப் பி சாக்கெட்டின் தொடுபரப்பு 1,500 முறை செருகிக் கழற்றத் தாங்கும் என்று தரநிலை சொல்கிறது. அது தேய்வதற்கு வெகுகாலம் முன்பே பக்கவாட்டு இழுவை சால்டரை உடைத்துவிடும். புதிய கேபிளை இன்டர்ஃபேஸிலிருந்து பத்து சென்டிமீட்டர் தளர்ச்சி விட்டு, மேசையின் பின்விளிம்பில் ஒட்டிய கிளிப்பில் கட்டியிருக்கிறோம். யாராவது இழுத்தால் கிளிப் பிய்ந்துகொண்டு வரும், சாக்கெட்டுக்குச் சுமை போகாது. ஹப் மவுஸுக்கும் கீபோர்டு ரிசீவருக்கும் மட்டும். மூன்று மீட்டர் கேபிள் நல்ல நிலையில்தான் இருக்கிறது; தனி மின்சாரம் உள்ள பிரிண்டர் அதில் டேட்டாவை மட்டுமே அனுப்பும் என்பதால் அங்கே போய்விட்டது.